பத்தொன்பதாம் எண் வீட்டுப் பெண்மணி

ஓடையின் அந்தக் கரைக்கு மின்சாரம் வருவதும் இந்தக் கரைக்கு வராமல் இருப்பதும் ஒரே நொடியில் முடிவானது. டெல்லியில் ஒரு கணினி சீட்டுப் போட்டது. லால்டுங்ரிக்கு 'ஆம்' விழுந்தது. எங்கள் ஹெசல்பேடாவுக்கு 'இல்லை' விழுந்தது. கணினிக்கு எங்கள் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது என்பதை முதல் கூட்டத்திலேயே முனைவர் நிகம் தெளிவாக்கிவிட்டார்.

அவர் 'நீடித்த ஆற்றல் மாற்ற உயராய்வு மைய'த்தின் இயக்குநர். மூன்று ஜீப்புகளோடு வந்து எங்கள் பள்ளிக்கூட வாசலில் இறங்கினார். ஊர்த் தலைவர் காண்டே மாஜி தோளில் புதுத் துண்டு போட்டு நின்றிருந்தார். தாமிரச் சுரங்கம் மூடப்படும்வரை அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் வருகைப் பதிவு எழுதியவன் நான். ஊரில் இந்தி நன்றாகத் தெரிந்தவன் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது.

"வளரும் நாடுகள்ல கரண்ட் வந்தா ஏழைங்க வாழ்க்கை மேம்படும்னு எல்லாரும் சொல்றாங்க" என்று ஆரம்பித்தார் நிகம். "சொல்றாங்க, அவ்வளவுதான். நிரூபிச்சது யாரு? அதுக்குத்தான் நாங்க வந்திருக்கோம். லால்டுங்ரிக்குச் சூரிய மின்சாரம், கரண்ட் அடுப்பு எல்லாம் கொடுப்போம். உங்களுக்கு எதுவும் கொடுக்க மாட்டோம். அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு ஊரையும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம். நீங்க ஒப்பீட்டுக் கிராமம். இது பெரிய கௌரவம்."

நான் எங்கள் மொழியான சந்தாலியில் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குருபாரி எழுந்தாள். மலைமேல் மேயும் மாட்டை வீட்டு வாசலில் நின்றபடி கூப்பிடுகிற குரல் அவளுக்கு.

"எதுவும் கொடுக்காம இருக்கறதுக்கு மூணு ஜீப்பு எதுக்காம்? கேளுங்க அண்ணா."

கேட்டேன். நிகம் மகிழ்ந்துபோனார். "நல்ல கேள்வி. சும்மா கொடுக்காம இருந்தா அதுக்குப் பேரு புறக்கணிப்பு. அளந்துக்கிட்டே கொடுக்காம இருந்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சி."

"எழுபது வருஷமா இருட்டுலதானே இருக்கோம்" என்றார் மாஜி. "அதையே அளந்துக்கக் கூடாதா?"

"அது அளக்காம போன இருட்டு, மாஜி பாபா. அதுக்கு மதிப்பே கிடையாது."

கூட்டத்தின் பின்வரிசையில் என் மனைவி சால்கே இருமிக்கொண்டிருந்தாள். இருமல் அடங்கியதும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். வந்தவர்கள் முகம் வாடக் கூடாது என்பது அவள் கட்சி.

பதில் சொல்லும் வீடுகளுக்கு முதலில் ஆளுக்கொரு டார்ச் விளக்கு தருவதாக இருந்தார்களாம். மையத்தின் அறநெறிக் குழு அதை நிறுத்திவிட்டது. டார்ச் வெளிச்சம் பட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். எனவே காலண்டர் கொடுத்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றிலும் விதவிதமான விளக்கு எரியும் ஒரு வீடு. நாற்பத்திரண்டு வீட்டுச் சுவர்களிலும் அந்த விளக்குகள் எரிந்தன.

வீட்டுக்கு வெளியே எண்களும் வந்தன. மஞ்சள் எண்ணெய்ச் சாயத்தில் மையத்தின் சின்னமான சூரியன், அதன் நடுவில் எண். எங்கள் வீடு பத்தொன்பது. களத்தை மேற்பார்வை பார்த்தவள் தேப்ஜானி என்ற கல்கத்தாப் பெண். வட்டார ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

"உங்க பேரை நாங்க எங்கேயும் எழுத மாட்டோம், ஐயா. அது உங்க அந்தரங்கம். எங்களுக்கு நீங்க வெறும் பத்தொன்பதுதான். அதுதான் நாங்க உங்களுக்குக் கொடுக்கற மரியாதை."

"சுரங்கத்துல எங்க பில்லையிலயும் நம்பர்தான்மா இருந்துச்சு. ஆனா மண்ணு சரிஞ்சா பேரைச் சொல்லித்தான் கத்துவாங்க."

அவள் தலையாட்டினாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையில் பலகை மாதிரி ஒரு கணினியோடு கணக்கெடுப்பாளர்கள் வந்தார்கள். சுவரில் உள்ள எண்ணைப் படம் எடுப்பார்கள், எந்த வீடு என்பதைக் கணினியே அதிலிருந்து படித்துக்கொள்ளும். பிறகு வீட்டுப் பெண்மணியிடம் நூற்றுப் பதினான்கு கேள்விகள். கடைசியில் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்வார்கள். நுரையீரலில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அது காட்டும். ஒருமுறை வந்தவர் மறுமுறை வர மாட்டார். பழகிவிட்டால் மனிதர்கள் உண்மையை மாற்றிச் சொல்வார்களாம்.

சால்கேயின் முறை வரும்போது குழாயின் முள் அசையவே யோசிக்கும். முப்பத்தோரு ஆண்டுகள் மண் அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து சால இலையையும் ஈர விறகையும் ஊதி ஊதிச் சமைத்தவள். அந்தக் காற்றெல்லாம் அடுப்புக்குள் போய்விட்டது போலிருந்தது. நகரத்து டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்த கையோடு சொன்னார்:

"புகை பக்கமே போகக் கூடாது. ஒரு நெபுலைசர் வாங்கிடுங்க. மருந்தை ஊத்தி சுவிட்ச் போட்டா ஆவியா வரும். தினம் ரெண்டு வேளை மூச்சுல இழுக்கணும். விட்டுட்டீங்கன்னா குளிர்காலம் தாண்டறது கஷ்டம்."

"புகையால வந்ததுக்கு இன்னொரு புகையா?" என்று சிரித்தாள் சால்கே. சிரித்ததற்குத் தண்டனையாக ஐந்து நிமிடம் இருமினாள்.

எங்கள் மகள் மைனோ ஜாம்ஷெட்பூரில் இருக்கிறாள். மெஷினை வாங்கித் தருகிறேன் என்றாள். எடுத்து வரப் போனவன் பேரனுக்குக் காய்ச்சல் என்று பத்து நாள் அங்கேயே இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது எங்கள் அறுவடைப் பண்டிகையான சோஹ்ராய்க்கு இரண்டு நாள்தான் இருந்தது.

சோஹ்ராய்க்கு முன் எங்கள் பெண்கள் சுவரைப் புது மண்ணால் மெழுகிப் படம் போடுவார்கள். பத்து நாள் நான் ஊரில் இல்லாதபோது அந்த வேலை நடந்திருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

எல்லா வீட்டுச் சுவரிலும் மையத்தின் சூரியன். காவியும் வெள்ளையும் கருப்புமாக, மையம் வரைந்ததைவிடப் பல மடங்கு அழகாக. ஓரங்களில் மயில், நெல்கதிர், மாட்டுக் குளம்பு. ஒவ்வொரு சூரியனுக்குள்ளும் பத்தொன்பது.

மெழுகினால் எண் மறைந்துவிடும், வந்தவர்கள் வருத்தப்படுவார்கள் என்று சால்கே முதலில் எங்கள் வீட்டு எண்ணை அப்படியே திரும்ப வரைந்திருக்கிறாள். பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் போட்டுக் கொடு என்று குருபாரி கேட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். சால்கேயால் மூன்று அடி நடந்தால் நிற்க வேண்டும், எனவே பின்னாலேயே ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வரைவாள், உட்காருவாள், வரைவாள். ஆறு நாளில் நாற்பத்திரண்டு வீடு. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை.

"கம்பு ஒண்ணு. கழுத்தை வளைச்சு மீன் பாக்கற கொக்கு ஒண்ணு" என்று எனக்கு விளக்கினாள். "சூரியனுக்குள்ள ரெண்டும் எவ்வளவு அழகா உக்காந்திருக்கு பாருங்க, மைனோ அப்பா."

சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எண் படிக்கத் தெரிந்தவன், அதுவும் இருபத்திரண்டு வருடம் எண்களை எழுதியவன், நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் விரலிடுக்கில் காவி காய்ந்திருந்தது. அத்தனை மாதங்களில் முதல்முறையாக அவள் களைப்புக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது.

"நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். மின்வாரிய அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர் மஹதோ கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கள் ஊருக்குத் தூணும் கம்பியும் ஒதுக்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மேலே ஒரு கடிதம் குத்தப்பட்டிருந்தது: ஆய்வு முடியும்வரை நிறுத்திவைக்கவும்.

"தூண் நட்டா ஆராய்ச்சி செத்துடுமாம்" என்றார் மஹதோ.

"நடலைன்னா என் சம்சாரம் செத்துடுவா, சார்."

"அதை அவங்ககிட்ட எழுதிக் கொடுங்க. எனக்கு லெட்டர் போட்டது அவங்கதான், உங்க சம்சாரம் இல்ல."

எழுதிப் போட்டேன். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாது. காலையும் மாலையும் சால்கேயைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, மெஷினை முன்கூடையில் வைத்து, பாலத்தைத் தாண்டி லால்டுங்ரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். குருபாரியின் தங்கை வீட்டில் சொருகி, கால் மணி நேரம் மருந்தை இழுப்பாள். பதினைந்தாவது நாள் அவள் தானாகவே எழுந்து முற்றத்தைப் பெருக்கினாள். இருபதாவது நாள் தேப்ஜானி வந்தாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கசியறீங்க."

"என்னவாம் அந்தப் பொண்ணு?" என்றாள் சால்கே.

"நாம ஒழுகறோமாம்."

"கூரைதான் ஒழுகுது. அதை எழுதிக்கச் சொல்லுங்க."

லால்டுங்ரிக்குக் கொடுத்த நன்மை எங்கள் ஊருக்குள் வந்துவிட்டால் அதற்குக் கசிவு என்று பெயர். அடுத்த வாரமே பாலத்தில் ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு காவலாளி. அந்தப் பக்கம் போகிறவர்களின் செல்போனில் சார்ஜ் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு என்று அவர் பதிவேட்டில் எழுதினார். ஒருநாள் மாஜியின் மருமகன் லால்டுங்ரியிலிருந்து சூடான கிழங்கு கொண்டுவந்தார். அது கரண்ட் அடுப்பில் வெந்ததா விறகில் வெந்ததா என்று தெரியும்வரை பாலத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டார். கிழங்கு ஆறிய பிறகு அனுமதித்தார்கள்.

எங்கள் விஷயத்துக்காகக் கசிவுத் தடுப்புக் குழு மூன்றுமுறை கூடியது. முடிவைத் தேப்ஜானி படித்துக் காட்டினாள். எங்கள் நலனில் குழுவுக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு. மெஷின் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம். பத்தொன்பதாம் எண் பெண்மணியும் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம். மெஷின் ஓடும்போது அவர் அதனருகில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"மூக்கை மட்டும் அனுப்பலாமான்னு கேளுங்க" என்றாள் சால்கே.

தேப்ஜானி காகிதத்தை மடித்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தா..." என்றபடி அதைப் பைக்குள் வைத்தாள்.

எங்களை உள்ளே விட்டால் அந்த வீட்டின் இணைப்பை மறுபரிசீலனை செய்வோம் என்று லால்டுங்ரியில் சொல்லிவைத்திருந்தார்கள். குருபாரியின் தங்கை வாசலில் நின்று அழுதாள். "விடுங்க, மைனோ அப்பா" என்றாள் சால்கே. "அவங்க விளக்கு அணைஞ்சா பாவம்."

என்னிடம் இன்னொரு வழி இருந்தது. முதல் நாள் நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை நான் முழுதாகப் படித்திருந்தேன். அதை எழுதியவரைத் தவிர வேறு யாரும் அப்படிப் படித்திருக்க மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. நிகம் அடுத்தமுறை வந்தபோது அந்த வரியைக் காட்டினேன்.

"நாங்க விலகிக்கறோம், சார்."

"தாராளமா" என்றார் நிகம். "அது உங்க அடிப்படை உரிமை. அதுல நாங்க தலையிடவே மாட்டோம்."

"அப்போ எங்களுக்கு லைன் வருமா?"

"இல்லை, இல்லை. பதில் சொல்றதுலேர்ந்துதான் நீங்க விலகலாம். இருட்டுலேர்ந்து எப்படி விலகுவீங்க? அது உங்க வீட்டுக்கு மட்டும் உரியது இல்லையே, ஊருக்குப் பொதுவானது." என் தோளில் கை வைத்தார். "ஒரு நிமிஷம் பெரிசா யோசிங்க. ஆப்பிரிக்காவுல, நேபாளத்துல, பர்மாவுல, எத்தனை கோடிப் பெண்கள் புகையில மூச்சு முட்டறாங்க. அவங்களைக் காப்பாத்தத்தான் உங்க மனைவி இங்கே கஷ்டப்படறாங்க. அவங்களுக்கு உதவி பண்ணிட்டோம்னா, அவங்களுக்கு உதவி தேவைன்னு எப்படி நிரூபிக்கறது?"

இதைச் சால்கேயிடம் மொழிபெயர்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளின் பேச்சை மொழிபெயர்த்திருக்கிறேன். அன்று வாய் வரவில்லை.

தை பிறந்து வரும் மாக் மாதப் பனியில் ஒரு காலை. நான் கிணற்றடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உலையில் தண்ணீர் கொதித்தது. அரிசி அவள் மடியில் இருந்த முறத்திலேயே இருந்தது.

ஊரே சேர்ந்து காரியங்களைச் செய்தது. இறந்தவரை வழியனுப்பும் பாண்டான் சடங்கன்று ஊர் முழுக்க எங்கள் முற்றத்தில் சாப்பிட்டது. லால்டுங்ரியிலிருந்தும் வந்தார்கள். காவலாளி அன்றைக்கு மட்டும் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு அவரும் ஓர் இலையில் உட்கார்ந்தார்.

தேப்ஜானி வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இறப்புப் படிவத்தை எடுத்தாள். பெயருக்கு இடம் இல்லாததால் எண்ணை எழுதினாள்.

மூன்று வாரத்தில் டெல்லி பதில் எழுதியது. கூறப்படும் தேதிக்குப் பிறகும் பத்தொன்பதாம் எண் பெண்மணி நாற்பத்தோரு முறை கேள்விகளுக்குப் பதில் அளித்திருக்கிறார். நாற்பத்தோரு முறை ஊதியும் இருக்கிறார். இவ்வளவு ஒத்துழைக்கும் ஒருவர் இறந்திருக்க வாய்ப்பில்லை. படிவம் நிராகரிக்கப்படுகிறது.

தேப்ஜானி கடிதத்தோடு தெருவில் நின்றாள். இதுவரை பட்டியலைத்தான் மேற்பார்வையிட்டிருக்கிறாள்; எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் தெருச் சுவர்களை வெறும் பண்டிகைப் படமாகத்தான் கடந்து போயிருக்கிறாள். முதல்முறையாகச் சுவர்களில் இருந்த எண்களைப் பார்த்தாள்.

"ஐயா... எல்லா வீடும்..."

"ஆமாம்மா."

"எப்போலேர்ந்து?"

"சோஹ்ராய்லேர்ந்து."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"அவ வரைஞ்சது" என்றேன்.

தேப்ஜானி டெல்லிக்கு நீண்ட அறிக்கை எழுதினாள். தவறான எண்ணைக் கணினி ஏற்காது, பத்தொன்பது சரியான எண், எனவே தவறு நடந்திருக்க முடியாது என்று பதில் வந்தது. கூடவே அஸ்ஸாமில் மூங்கில் அடுப்பு பற்றிய ஓர் ஆய்வுக்கு அவளை மாற்றும் உத்தரவும் வந்தது.

அடுத்த சோஹ்ராய்க்கு நான் சுவரைத் தொடவில்லை. பெண்களே வந்து எங்கள் வீட்டையும் சேர்த்து மெழுகினார்கள். சால்கே போட்ட மாதிரியே சூரியன், கம்பு, கொக்கு. கொக்கின் கழுத்து மட்டும் அவள் போட்ட அளவுக்கு வளையவில்லை.

அதற்குப் பிறகு ராஞ்சியில் ஒரு பெரிய ஹோட்டலில் இடைக்கால முடிவுகளை வெளியிடும் கூட்டம் நடந்தது. மக்களின் குரலாக என்னை அழைத்திருந்தார்கள். நல்ல பகல் வெயில். ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டு இருட்டாக்கி, உள்ளே அறுபது விளக்குகளை ஏற்றியிருந்தார்கள். குளிர் தாங்காமல் என் பக்கத்தில் இருந்த அமைச்சக அதிகாரி கோட்டுப் போட்டிருந்தார். நிகம் மேடையில் பேசினார்.

"ஒப்பீட்டுக் கிராமத்துல நாப்பத்தோரு வீடுகள் எங்களுக்குப் பதில் சொல்லவே மறுத்துட்டாங்க. ஆனா ஒரே ஒரு பெண்மணி, எண் பத்தொன்பது, ஒவ்வொரு சுற்றுலயும் நாப்பதுக்கு மேல தடவை பதில் சொல்லியிருக்காங்க. வயசு கேட்டா ஒரு நாள் இருபத்தொண்ணு, அதே நாள் மத்தியானம் எழுபத்தாறு. பதினாலு மாசத்துல ஆறு குழந்தை பெத்திருக்காங்க. மெல்ல ஊதறாங்க, உடனே மலை அதிர்ற மாதிரி ஊதறாங்க. சராசரியா பார்த்தா, விறகுப் புகையில வாழ்ற அவங்க நுரையீரல் வருஷா வருஷம் நல்லா ஆகிட்டே வருது! இதுக்கு நாங்க வச்சிருக்கற பேரு, தாக்குப்பிடிக்கும் திறன். உலகத்துக்கே இந்தப் பெண்மணி ஒரு பாடம்."

கைதட்டினார்கள். நான் எழுந்தேன். எழுந்தபோதே ஒருவர் ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

"ஐயா, பத்தொன்பது என் சம்சாரம். பேரு சால்கே. அவ செத்து ஒன்றேகால் வருஷம் ஆச்சு."

நிகம் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா சாவுங்கறது ஒரு தனிப்பட்ட அனுபவம். தனிப்பட்ட அனுபவத்தை வச்சுக் கொள்கை வகுக்க முடியாது. தரவுல அவங்க இருக்காங்க. எங்களுக்கு அவங்களை விட மனசு வரலை."

அதற்கும் கைதட்டினார்கள். புகையால் பெரிய பாதிப்பு தெரியாததால் ஹெசல்பேடாவுக்கு அவசரம் இல்லை, இரண்டாம் கட்டமாக இன்னும் ஐந்து ஆண்டுகள் ஒப்பிடலாம் என்று மாலைக்குள் தீர்மானம் ஆயிற்று. அமைச்சக அதிகாரி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அதில் கையெழுத்திட்டார்.

ஊருக்குத் திரும்பி, கிணற்றடியில் கூடியிருந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண் என்றால் என்ன, பத்தொன்பது என்றால் யார், அவர்கள் ஊதியது எங்கே போய்ச் சேர்ந்தது, எதையும் விடவில்லை. என் மௌனத்தையும் சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. குருபாரி குடத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நாளாக அவள் குரல் மலைவரை போவதில்லை. மாட்டைத் தேடி அவளே ஏற வேண்டியிருந்தது.

"அப்போ சால்கேயைச் சாக விடாம பிடிச்சு வச்சிருக்கறது நாங்களா?"

"அவங்க கணக்குல ஆமாம்."

"பாண்டான் போட்டு, சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்து, அவளை இன்னும் ஊத வச்சுட்டு இருக்கோமா?" அவளுக்குக் கோபத்தில் இருமல் வந்தது. "அவ இருந்தப்பவே ஊத முடியாம தவிச்சா. செத்தும் விடலையா நாம?"

"எண்ணை அழிச்சுடலாமா?" என்றாள் ஒருத்தி.

"சுவத்துல கை வச்ச, கையை ஒடிப்பேன். அவ போட்டது அது." குருபாரி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "அடுத்த தடவை வர்றவன் பத்தொன்பதாம் எண் பெண்மணி எங்கேன்னுதானே கேப்பான்? நெசத்தைச் சொல்லுவோம்."

அடுத்த கணக்கெடுப்பில் புதிதாக வந்த இளைஞர்கள் வழக்கம்போல் சுவரைப் படம் எடுத்தார்கள். வழக்கம்போல் கேட்டார்கள்: பத்தொன்பதாம் எண் பெண்மணி எங்கே? முதல் வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "செத்துட்டா." இரண்டாவது வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "செத்துட்டா." எதனால் என்று அடுத்த கேள்வி. "புகையால." குருபாரி இன்னும் விவரமாகச் சொன்னாளாம். "மாக் மாசம், காலையில, உலை கொதிக்கறப்போ. அரிசி முறத்துலயே இருந்துச்சு. எழுதிக்கோ."

ஒருவரும் பொய் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வீட்டிலும் அதே உண்மை. என்னிடம் கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். ஊதும் குழாய் உறையிலிருந்து வெளியே வராமலே திரும்பிப் போனது.

ஒரே வாரத்தில் நாற்பத்திரண்டு சாவு. டெல்லியில் கணினி சிவப்பாகிவிட்டதாம். அறநெறிக் குழு பிற்பகலிலேயே கூடியது. இந்த அளவுக்கு மேல் இருட்டைத் தொடர்வது அறம் ஆகாது என்று கண்டுபிடித்து ஆய்வை நிறுத்தியது. நிறுத்தியதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவும் முடிவு செய்தது.

எனக்குத் தபால் வந்தது. நாற்பத்திரண்டு உறைகள், எல்லாமே பத்தொன்பதாம் எண் வீட்டுக்கு. தபால்காரருக்குப் பழைய பழக்கம், எங்கள் வீட்டில்தான் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் நிகமின் கையெழுத்தோடு ஓர் இரங்கல் கடிதம். தங்கள் பேரிழப்பில் மையம் பங்குகொள்கிறது. வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றிலும் பெயர் இல்லை.

ஒன்பதாம் நாள் லாரியில் தூண்களோடு மஹதோ வந்து இறங்கினார். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"என்னய்யா இது? உங்க ஊர்ல பொம்பளைங்க எல்லாரும் செத்துட்டாங்கன்னு மேலேர்ந்து போனு. உயிரோட இருந்தப்போ மூணு வருஷமா கோப்பு நகரலை. செத்ததும் ஒரே வாரத்துல லைன் குடுன்னு உத்தரவு. இவங்கல்லாம் யாரு?"

"செத்தவங்கதான், சார்" என்றேன். "இருங்க, டீ போடச் சொல்றேன்."

அவருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. திட்டப்படி இணைப்பு வீட்டுப் பெண்மணியின் பெயரில்தான் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெண்மணிகள் யாரும் உயிரோடு இல்லை. ஆண்கள் பெயரில் எழுதிவிடலாமா என்று மாஜியிடம் மெதுவாகக் கேட்டார். அது குருபாரி காதில் விழுந்தது.

"என் மீட்டரு என் பேருல. செத்தா என்ன, பேரு போயிடுமா? எழுது, குருபாரி பாஸ்கே."

மஹதோ எழுதினார். எங்கள் வீட்டு முறை வந்தபோது பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். சால்கே டுடு என்றேன். அதையும் எழுதினார். அந்த ஊரில் அவர் ஒன்றும் கேட்காமல் எழுதியது அந்த ஒரு பெயரைத்தான்.

விளக்கு எரிந்த அன்று பகலில் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். ஓடுகிறதா என்று பார்க்கத்தான். சொருகி, சுவிட்சைப் போட்டேன். வண்டு போல உறுமியது. நிறுத்தத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் இருமல் கேட்டது. குருபாரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓடுதா, அண்ணா?"

"ஓடுது."

உள்ளே வந்து சால்கே உட்காரும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தாள். அதே டாக்டர், அதே மருந்து.

"போன மாசமே எழுதிக் கொடுத்துட்டாரு. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்." குப்பியை நீட்டினாள். "ஊத்துங்க. செத்தவளுக்கும் கொஞ்சம் மூச்சு வேணுமில்ல?"

மருந்தை ஊற்றி முகமூடியை அவள் மூக்கின்மேல் வைத்துப் பிடித்தேன். வெள்ளை ஆவி கிளம்பியது. குருபாரி கண்ணை மூடிக்கொண்டு மெல்ல உள்ளே இழுத்தாள், வெளியே விட்டாள், மறுபடி இழுத்தாள். அளக்க யாரும் வரவில்லை.